ஜேபெஸ் அக்ராய்ட் கணப்புப் பலகையில் நின்ற ஆண்டுகள்

1923ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிற்பகலில், வட இங்கிலாந்தில் ஓவர்பெக் ஊரின் டென்டர் தெருவைச் சேர்ந்த ஜேபெஸ் அக்ராய்ட் என்னும் கம்பளி ஆலைத் தொழிலாளி, தம் வீட்டுக் கணப்பின் மேற்பலகையில், கடிகாரத்துக்கு இடப்புறம், பித்தளை மெழுகுவர்த்தித் தண்டின் உயரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவ்வாரம் நிலக்கரி விலை ஏறியிருந்தது; முட்டை கிடைக்கவில்லை. இதையெல்லாம் எழுதி வைக்கத் துணிந்தமைக்கு வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். அத்தெருவில் நெடுங்காலம் குடியிருந்தேன் என்பதல்லாமல் எனக்கு வேறு தகுதி இல்லை. இதற்கு முன் கதை என்று எதையும் எழுதியவனும் அல்லேன். பாதியைத் தெருவார் சொல்லக் கேட்டேன், பாதியை நேரில் கண்டேன். அவ்விரண்டும் எவ்விடத்தில் பிரிகின்றன என்பதில் எனக்கே இப்போது தெளிவில்லை. பிழை காண்போர் அதை என்மேல் ஏற்றுவார்களாக. அக்ராய்ட் குடும்பத்தார்மேல் ஏற்ற வேண்டாம்.

ஓவர்பெக்கில் ஒரு வீட்டுக்காரியை அவளுடைய கணப்புப் பலகையை வைத்துத்தான் எடைபோடுவார்கள். சாதாரண நாளில் அதன்மேல் கடிகாரமும், தேயிலை டப்பாவும், புகைக்குழாய் பற்றவைக்கும் காகிதத் திரிகளும், இரு கோடிகளிலும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பீங்கான் நாய்களும் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அத்தனையும் கீழே இறங்கும். கணப்பின் இரும்புக்குக் கறுப்பு மெருகு ஏறும், பித்தளை தேய்க்கப்படும், பலகைக்குச் சிவப்புக் குஞ்சம் வைத்த துணி விரிக்கப்படும். அதன்பின் இறங்கியவை முறைப்படி மீண்டும் ஏறும். அவற்றுக்கிடையே முள்ளிலையும் சிவந்த பழமும் கொண்ட ஹாலிச் செடியின் கிளைகளும், படர்கொடியும், கிண்ணத்தில் ஆரஞ்சுப் பழங்களும், அந்த ஆண்டு வந்த வாழ்த்து அட்டைகளும் இடம்பிடிக்கும். ஹாலிக் கிளை அந்த நாளுக்கு முன் வாசற்படியைத் தாண்டக் கூடாது. தெருவில் போவோர் பார்க்கட்டும் என்று சன்னல் திரை விலக்கப்பட்டிருக்கும். அவர்கள் பார்க்காததுபோல் பார்த்து, அடுத்த வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

ஜேபெஸ் நிலைப்படியில் குனிந்து நுழையும் ஆகிருதி படைத்தவர். தறி இரைச்சலில் பாதிச் செவி போயிருந்தது. வாய்ப்பேச்சு அதைவிடக் குறைவு. வேலையிலிருந்து வருவார், உண்பார், நாற்காலியில் உறங்குவார். அன்று ஆலை நண்பகலில் மூடிவிட்டபடியால், மனைவி ஹெப்சிக்கு உதவுவோம் என்று எண்ணி இடப்புறத்துப் பீங்கான் நாயைப் பலகையிலிருந்து எடுத்தார். அது கணப்பின் கல்லில் விழுந்து உடைந்தது. ஹெப்சி துண்டுகளைப் பெருக்கி அள்ளினார். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெருவார் எவரும் சொல்லவில்லை.

"ஏன் மனுஷா, வீட்டுல எங்க திரும்புனாலும் நீதான் குறுக்க நிக்கிற. எங்கயாச்சும் பிரயோஜனமா ஒரு எடத்துல நில்லேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரத்துணியைப் பிழியப் பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது ஜேபெஸ், உடைந்த நாய் இருந்த இடத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, எஞ்சிய நாயைப் பார்த்து நின்றார்.

"துணிய மிதிக்காத. இப்பத்தான் இஸ்திரி போட்டேன்" என்றார் ஹெப்சி. பிறகுதான் அவருக்குக் குழப்பம் உண்டாயிற்று. "எப்படி ஏறுன?"

"தெரியல. நில்லுன்ன. நின்னேன்."

அதற்குமேல் விளக்கம் அன்றும் கிடைக்கவில்லை, பின்னரும் கிடைக்கவில்லை. தையல் விரலுறையில் தேநீரும், ரொட்டியின் ஓரத்தில் கிள்ளிய துணுக்கும் அவருக்குப் போதுமானதாயிருந்தன. தெருவார் ஒவ்வொருவராக வந்து பார்த்தனர். ஆலை மேற்பார்வையாளர் வந்து, தொப்பியைக் கழற்றி, குனிந்து, கைக்குழந்தையிடம் பேசுவதுபோல் நலம் விசாரித்தார். ஆலையின் வருகைப் பதிவில் உடல்நலக் குறைவு என்று எழுதுவதா, ஊரில் இல்லை என்று எழுதுவதா என்று விளங்காமல் திரும்பிப் போனார். எதிர்வீட்டுத் திருமதி க்ரீன்வுட் தம் கணவரையும் அதேபோல் ஓரிடத்தில் நிற்கச் சொல்லிப் பார்த்தார். அவர் மதுக்கடையில் போய் நின்றார். பண்டிகை நாட்கள் முடிந்து அலங்காரத்தை இறக்கும் மாலையில், ஜேபெஸின் தமக்கை ஹாலிக் கிளைகளோடு அவரையும் இறக்கிக் கணப்பின் முன்னுள்ள விரிப்பில் வைத்தார். கிளைகளைக் கொல்லையில் போட்டுவிட்டு வருவதற்குள் அவர் பழைய உயரத்துக்கு வந்து, உப்பிட்ட மீன் இருக்கிறதா என்று கேட்டார்.

மறு ஆண்டும் அவ்வாறே நடந்தது. அதற்கு மறு ஆண்டும் நடந்தது. அதன்பின் அது டென்டர் தெருவில், மழைக்காலத்தில் கால்வாய் நிறைவதைப்போல, எதிர்பார்க்கப்படும் ஒன்றாயிற்று. உடைந்த நாய்க்கு இணை வாங்க வேண்டும் என்று ஹெப்சி ஆண்டுதோறும் சொல்வார், வாங்கியதில்லை. அதற்குக் காரணம் உண்டு. பலகைமேல் நின்ற நாட்களில் ஜேபெஸ் பேசினார். கீழே இருக்கும்போது அவர் கண்ணுக்குத் தெரிந்தது மனைவியின் உச்சந்தலை மட்டுமே. மேலே நின்றபோது முகத்துக்கு முகம் நேராக இருந்தது. ஆலைக்காரர்கள் இரைச்சலுக்கு நடுவே உதடு பார்த்துச் சொல் அறிகிறவர்கள். தம் மனைவியின் உதட்டை அவர் அதுவரை அவ்வளவு அருகில் பார்த்ததில்லை போலும். கால்வாய் மீன்களைப் பற்றியும், நனைந்த கம்பளி மூட்டையின் வாடை எந்த ஊர் ஆட்டினுடையது என்று கண்டுபிடிப்பதைப் பற்றியும், ஞாயிற்றுப்பள்ளி ஊர்வலத்தில் ஹெப்சி காலுக்கொரு விதமான சப்பாத்து அணிந்து நடந்ததைத் தாம் மட்டும் கவனித்து எவரிடமும் சொல்லாதிருந்ததைப் பற்றியும் பேசினார். "பதினெட்டு வயசுல பாத்தத இப்பச் சொல்றியே, பாவி" என்று ஹெப்சி சிரித்த சத்தம் சுவர் தாண்டிக் கேட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவ்விருவருக்கும் குழந்தைகள் இல்லை. ஆண்டின் மிச்ச நாட்களை ஹெப்சி அந்தச் சில நாட்களை நினைத்துக்கொண்டே ஓட்டினார்.

இங்கே ஓவர்பெக்கின் பழைய வழக்கு ஒன்றைக் குறிப்பிடுவது அவசியமாகிறது, சலிப்பூட்டினால் மன்னிக்கவும். பண்டிகை பன்னிரண்டு நாட்கள் என்பதில் அங்கே எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எந்த நாளை முதல்நாளாகக் கொள்வது என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் கோபுரக் கோயிலைச் சேர்ந்தவர்கள் கிறிஸ்துமஸ் நாளிலிருந்தே எண்ணி, ஜனவரி ஐந்தாம் தேதி மாலை அலங்காரத்தை இறக்குவார்கள். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள் மறுநாளிலிருந்து எண்ணி, ஆறாம் தேதி மாலை இறக்குவார்கள். ஒன்றில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபட்டிருந்தனர்: அந்த மாலையில் இறக்க மறந்தது எதுவாயினும், அடுத்த ஆண்டு அதே மாலைவரை அங்கேயே இருக்க வேண்டும். இடையில் எடுத்தால் அந்த வீட்டில் சாவு. ஒருவர் கடிகாரத்துக்குப் பின்னால் சிக்கிக் கிடந்த ஓர் இலையை மார்ச் மாதத்தில் எடுத்து எறிந்தார். அறுவடைக்குள் கால்வாயில் மூழ்கினார். இலை எறிந்ததும் உண்மை, மூழ்கியதும் உண்மை.

ஜேபெஸ் கோயில்காரர், ஹெப்சி சபைக்காரர். எனவே திருமணமான நாள்முதல் அவ்வீட்டில் ஓர் உடன்பாடு இருந்தது. கிளை, கொடி முதலான பச்சையெல்லாம் ஐந்தாம் தேதி, ஜேபெஸின் தமக்கை தர்ஸா வந்து இறக்குவார். அட்டைகள் முதலான மற்றவையெல்லாம் ஆறாம் தேதி, ஹெப்சி இறக்குவார். தர்ஸா அதே தெருவில் தனியே வாழ்ந்தவர், மணமாகாதவர், தம் எண்ணிக்கையில் தவறே நேராது என்னும் உறுதி படைத்தவர். ஜேபெஸ் எப்போதும் ஹாலிக் கிளைகளுக்கு நடுவே நின்றதால் பச்சையோடு இறங்கிவந்தார். அவர் எந்தக் கணக்கைச் சேர்ந்தவர் என்று எவரும் கேட்க நேரவில்லை.

1936ஆம் ஆண்டுக் குளிரில் பறவைகள் ஹாலிப் பழங்களை முன்னதாகவே தின்றுவிட்டன. கிடைத்த ஒரே மெலிந்த கிளையை ஹெப்சி வலப்புறத்து நாயின் பக்கம் வைத்தார். இடப்புறம் வெறிச்சோடாமல் இருக்க ஜேபெஸைச் சுற்றி வாழ்த்து அட்டைகளை நிறுத்தினார். ஐந்தாம் தேதி வந்த தர்ஸா கிளையை எடுத்துக்கொண்டு, "நம்ம ஜேபெஸு அட்டைக்குள்ள நிக்கிறான். அப்ப அவன் உன் கணக்கு" என்று சொல்லிப் போனார். இன்னும் ஒரு நாள் பேசலாமே என்று ஹெப்சியும் மறுக்கவில்லை. ஆறாம் தேதி காலை, பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்த அவருடைய தங்கைக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. மாலையில் அட்டைகளோடு ஜேபெஸையும் இறக்கிவிடும்படி தர்ஸாவிடம் சொல்லிவிட்டு ஹெப்சி புறப்பட்டார். பனி பாதையை மூடியது. மறுநாள் காலையில்தான் அவரால் வீடு திரும்ப முடிந்தது. ஜேபெஸ் அட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். தர்ஸா எதிரே அமர்ந்து அவருக்கு விரலுறையில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எறக்கச் சொன்னேனே, தர்ஸா."

"சொன்ன. எங்க கணக்குக்கு முந்தாநாளே முடிஞ்சுபோச்சு. முடிஞ்ச பொறவு நான் எறக்குனா யாருக்குச் சாவு? எப்படியும் பொழுதுக்குள்ள நீ வந்துருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"இப்ப என் கணக்கும் முடிஞ்சுபோச்சு."

"அப்ப நான் யாரு கணக்கு?" என்றார் ஜேபெஸ், பலகையிலிருந்து.

இதைத் தீர்க்கக் கோயில் பாதிரியார் அழைக்கப்பட்டார். பண்டிகை முடியும் நேரத்தைத் தம்மால் சொல்ல முடியும் என்றும், ஒரு மனிதர் அலங்காரம் ஆவாரா என்பதைத் தம்மால் சொல்ல முடியாது என்றும் அவர் தெரிவித்தார். சபைப் போதகர், இவையெல்லாம் மூடநம்பிக்கை, திருமதி அக்ராய்ட் தாராளமாகக் கணவரை இறக்கலாம் என்றார். வாசல்வரை போனவர் திரும்பிவந்து, தம் சொந்த வீடாயிருந்தால் தாம் இறக்கமாட்டார் என்றும் சொன்னார். இறக்கினால் சாவு, விட்டால் ஓராண்டு. ஹெப்சி விட்டார். ஓராண்டு முழுவதும் பேசலாம் என்று அவர் மனத்தின் ஒரு மூலை மகிழ்ந்ததை அவரே பின்னாளில் மறைக்காமல் சொன்னார்.

ஈஸ்டருக்குள் ஆலையில் ஜேபெஸின் தறியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வசந்தகாலத் துப்புரவின்போது ஹெப்சி அவரைச் சுற்றி இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டினார். அவரது இடக் குதிகாலில் அது பட்டபோது கீச்சென்றது. நகத்தால் தட்டிப் பார்த்தார். தேநீர்க் கோப்பையைத் தட்டியதுபோல் ஒலித்தது. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, வலியில்லை, குளிர்கிறது என்றார் ஜேபெஸ். மே மாதக் கடைசியில் இரு கணுக்கால்களும் வெண்மையாகப் பளபளத்தன. கோடையில் முழங்கால்வரை பளபளப்பு ஏறியது. கணப்பில் தீ எரியும்போது அது நின்றது, அணைந்தால் மேலேறியது. அடுத்த ஜனவரிவரை தாங்குவாரா என்பதே அதன்பின் அவ்வீட்டின் ஒரே கேள்வி. ஆகஸ்டில் ஆலைகள் மூடி, ஊரே வழக்கம்போல் மோர்கம் கடற்கரைக்கு ரயிலேறியது. டென்டர் தெருவில் ஒரே ஒரு புகைபோக்கி மட்டும், வெயிலில், புகைந்துகொண்டிருந்தது. ஹெப்சி வியர்த்து வழிந்தபடி கரி போட்டார். கரி தீரும்போதெல்லாம் தர்ஸா தம் பங்கை மேலங்கியில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போனார். இலையுதிர் காலத்தில் தெருவாரும் ஆளுக்கொரு வாளி கொண்டுவந்தார்கள். மேற்பார்வையாளர் அனுப்பிய கரி ஈரமாயிருந்தது, ஆனாலும் அனுப்பினார்.

ஜேபெஸ் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆயினும் பேச்சு குழம்பத் தொடங்கியது. மேசைக்கு அடியில் என்ன இருக்கும் என்று கேட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் தெரு இருந்ததாகத் தமக்கு ஒரு நினைவு உண்டு என்றும், அது சரிதானா என்றும் கேட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஹெப்சி மற்ற எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, ஏற்றினார். கணவர் நின்ற இடத்தை மட்டும் விட்டுத் துணியை வெட்டி விரித்தார். அப்போது பளபளப்பு மார்புக்கு வந்துவிட்டிருந்தது. அவர் குரலில் கோப்பை ஒலி கலந்திருந்தது.

எந்த மாலையில் இறக்குவது என்று மீண்டும் கேள்வி எழுந்தது. தவறான மாலையைத் தேர்ந்தால் இன்னும் ஓராண்டு, அல்லது சாவு. இன்னும் ஓராண்டு என்றால் ஒரு பீங்கான் மனிதர். தர்ஸாதான் வழி சொன்னார். வாழ்நாளில் முதன்முறையாகத் தம் எண்ணிக்கையைப் பற்றி அவர் தாழ்ந்த குரலில் பேசினார்: "எங்க கணக்குக்குப் பலகையிலேருந்து எடு. உங்க கணக்குக்குத் தரையில வை. நடுவுல யாரு என்ன சொல்ல முடியும்?" அவ்வாறே ஐந்தாம் தேதி பொழுது சாய்ந்ததும் ஹெப்சி ஜேபெஸைப் பலகையிலிருந்து எடுத்தார், ஆறாம் தேதி பொழுது சாயும்வரை தரையில் வைக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து இரு உள்ளங்கைகளுக்குள் பொத்திவைத்திருந்தார். கை ஒழியாத ஹெப்சிக்குத் தர்ஸா, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல், ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஊட்டினார், மூக்கைச் சொறிந்துவிட்டார், தீயை அணையாமல் காத்தார். கையின் சூட்டில், மூச்சுப்பட்ட சன்னல் கண்ணாடியில் உறைபனி விலகுவதுபோல், மார்பிலிருந்து பளபளப்பு கீழிறங்கிற்று.

"கீழ போனா எனக்குப் பேச்சு வராது, ஹெப்சி" என்றார் ஜேபெஸ், உள்ளங்கைக்குள்ளிருந்து.

"தெரியும்."

"இங்கயே விட்டுட்டாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"ஒண்ணும் சொல்லமாட்டதான். பீங்கான் என்னத்தச் சொல்லும்? போய் நட."

ஆறாம் தேதி மாலை விரிப்பில் வைக்கப்பட்டவர் பழைய உயரத்துக்கு வந்தார். இடது பாதம் மட்டும் கணுக்கால்வரை பீங்கானாகவே நின்றுவிட்டது. அதற்குக் கனத்த காலுறை பின்னப்பட்டது. அன்றுமுதல் கல் பாவிய தெருவில் அவர் வருவது தூரத்திலேயே கேட்கும். சாயப் பட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. வேலையிலிருந்து வந்தார், உண்டார், நாற்காலியில் உறங்கினார். பிப்ரவரியில் ஒருநாள் மழை பெய்கிறது என்று சொன்னார். ஹெப்சி அதைத் திருமதி க்ரீன்வுட்டிடம் போய்ச் சொன்னார்.

அந்த ஆண்டு முழுவதும் தர்ஸா ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுப்பள்ளி விற்பனைகளிலும், சந்தைகளிலும், இறந்தவர் வீட்டு ஏலங்களிலும் தேடினார். 1938ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஹெப்சி சிவப்புத் துணியை விரித்துக்கொண்டிருந்தபோது, நாளிதழில் பொதிந்த ஒரு பீங்கான் நாயோடு உள்ளே வந்தார். இடப்பக்கத்து நாய், வலப்பக்கத்து நாய்க்கு அச்சு அசலான இணை. காதில் இருந்த பழுப்புப் புள்ளிகூட ஒத்திருந்தது.

"இந்தா. நான் செஞ்சதுக்கு என்னால ஆனது. இனிமே அவன் அங்க ஏற வேண்டாம், பீங்கானா ஆவவும் வேண்டாம். எடமே இல்ல பாரு" என்றார் தர்ஸா.

ஹெப்சி அவரைத் தழுவி நன்றி சொன்னார். அவ்வன்பு உண்மையானது, இதில் ஐயம் வேண்டாம். நாய் தன் இடத்தில் அமர்ந்தது. பலகை, பல ஆண்டுகளுக்குப் பின், இருபுறமும் சரியாக இருந்தது. தெருவார் சன்னல் வழியே பார்த்து அதை ஒப்புக்கொண்டனர். ஜேபெஸ் நண்பகலில் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பலகையின் முன் நின்றார். நாயைப் பார்த்தார். அலமாரியருகே போய் நின்றார். அங்கே ஹெப்சிக்குக் குறுக்காக இருந்தது. கதவருகே நின்றார், அங்கேயும் குறுக்காக இருந்தது. சன்னலருகே போனார், மீண்டும் பலகையின் முன் வந்தார். கல்தரையில் அவர் பாதம் இங்குமங்கும் ஒலித்துக்கொண்டே இருந்தது. எங்கேயாவது நில் என்று ஹெப்சி சொல்லவில்லை. நெடுநேரம் ஹாலிக் கிளைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், பின்னர் சிவப்புத் துணியின் இடப்பக்கக் குஞ்சத்தைப் பிடித்து, பொருள்கள் மேலிருக்க ஓவர்பெக்கில் எந்த வீட்டுக்காரியும் இழுக்காத வேகத்தில், நேராக்குவதற்காக இழுத்தார்.

நாய் கணப்பின் கல்லில் விழுந்து உடைந்தது.

"கை தவறிருச்சா?" என்றார் தர்ஸா.

"துணி சுருங்கியிருந்துச்சு" என்றார் ஹெப்சி. துடைப்பம் எடுக்கப் பின்கட்டுக்குப் போனார். வழக்கத்தைவிட மெதுவாகத்தான் தேடினார். திரும்பி வந்தபோது ஜேபெஸ் கடிகாரத்துக்கு இடப்புறம், மெழுகுவர்த்தித் தண்டின் உயரத்தில், தொப்பியும் கையுமாக நின்றார்.

"துணிய மிதிக்காத" என்றார் ஹெப்சி.

"இஸ்திரி போட்டதா?" என்றார் ஜேபெஸ்.

தர்ஸா தம் தொப்பியை ஊசி குத்தி அணிந்துகொண்டு, நாளிதழை மடித்து எடுத்துக்கொண்டு வெளியேறினார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் தேதி பொழுது சாய்ந்ததும் ஹெப்சி கணவரைப் பலகையிலிருந்து எடுப்பார், ஆறாம் தேதி பொழுது சாயும்வரை கைக்குள் வைத்திருப்பார், பிறகு விரிப்பில் விடுவார். அப்போது ஹெப்சிக்கு ஒரு வேளை உணவைத் திருமதி க்ரீன்வுட் ஊட்டுவார், ஒரு வேளையை நான் ஊட்டியிருக்கிறேன். பளபளப்பு கணுக்காலைத் தாண்டவில்லை. ஜேபெஸ் எந்தக் கணக்கைச் சேர்ந்தவர் என்று பின்னர் எவரும் கேட்கவில்லை. கரி விலை இறங்கவும் இல்லை.

இதில் இழந்தவை: ஜேபெஸ் அக்ராய்டின் இடது பாதம், கணுக்கால்வரை; ஆலையில் ஒரு தறி; மோர்கம் கடற்கரையில் ஒரு கோடை; கத்தரித்த சிவப்புத் துணி ஒன்று; ஹெப்சியுடன் தர்ஸாவின் பேச்சு, தர்ஸா காலமாகும்வரை; பீங்கான் நாய்கள் இரண்டு, அவற்றுள் முதலாவது கை தவறி.